கடைமடைக்கும் தமிழ் பாய வேண்டும்

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அன்று ஷட்டரைத் தூக்கி, பாய்ந்து வரும் தண்ணீரில் பூ தூவுவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்துவிடும். ஆனால் பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து விவசாயி அந்தப் படத்தை நம்பி விதை நெல்லை எடுப்பதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வரணும், கல்லணைக் கால்வாயில் இறங்கணும், கிளை வாய்க்கால் எல்லாம் தாண்டணும், கடைசியில் தன் வயல் மடைக்கு வரணும். அப்போதுதான் அது தண்ணீர். அதுவரை மேட்டூரில் எத்தனை அடி இருந்தாலும் கடைமடைக்காரருக்கு அது வெறும் நம்பர்.

வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 'பதிப்பி' என்ற பொத்தானை அமுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது மேட்டூரில் பூ தூவுவது மாதிரி. எங்கோ ஒரு மூலையில், ஒரு பழைய கம்ப்யூட்டரில், எந்தச் செட்டிங்கையும் மாற்றத் தெரியாத ஒருவர் கண்ணுக்கு அந்தத் தமிழ் தமிழாகவே தெரிந்தால்தான் பதிவு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். கோளாறு வந்தால் சரி செய்ய வேண்டியது யார்? எழுதியவரா, படிப்பவரா? தமிழ்ப் பதிவுலகம் ஆரம்பத்தில் மோதிய முதல் கேள்வியே இதுதான். அதற்கு மிக நல்ல பதில் ஒன்றைச் சொன்னவர் அதிராம்பட்டினத்துக்காரர். அவர் பெயர் உமர் தம்பி.

கட்டம் கட்டமாய்...

2003ல் தமிழில் வலைப்பதிவுகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கிய பிறகு கூட்டம் கூடியது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பதிவைத் திறந்தால் நாலில் ஏதாவது ஒன்று நடக்கும். நாலும் வேறு வேறு நோய். இன்றைக்கும் எங்காவது தமிழ் உடைந்து தெரிந்தால் இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, வெறும் கட்டம் கட்டமாகத் தெரிவது. அதாவது எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, அதை வரைந்து காட்ட அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிக முத்திரைக் குறியும் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவது. இது யூடிஎஃப்-8 முறையில் உள்ள தமிழை உலாவி ஐரோப்பிய எழுத்து என்று தவறாகப் படிப்பதால் வருவது. இந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 15 பைட். ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் ஒன்றேதான். அதனால்தான் அந்த 'ஏ' விடாமல் துரத்துகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் 'இது யூடிஎஃப்-8' என்று ஒரு வரி சரியாக அறிவித்தால் தீர்ந்தது. இங்கேயும் எழுத்துக்குச் சேதம் இல்லை.

மூன்றாவது, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்பது, நடுவில் புள்ளி வட்டம் தெரிவது. ஒருங்குறியில் 'கெ' என்பதை 'க' முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிப்பார்கள். கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து வரைவது கம்ப்யூட்டரில் இருக்கும் இன்னொரு நிரலியின் வேலை. விண்டோஸில் அதன் பெயர் யுனிஸ்கிரைப். அது இல்லை அல்லது தூங்குகிறது என்றால் கொம்பு இடம் மாறும்.

நாலாவதுதான் ஆபத்து. வரிசையாகக் கேள்விக்குறிகள். தமிழ் தெரியாத ஏதோ ஒரு மென்பொருள் சேமிக்கும்போதே எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துவிட்டது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் இது திரும்பாது. வேறு இடத்தில் பிரதி இருந்தால்தான் உண்டு.

முதல் மூன்றும் பார்வைக் கோளாறு, நாலாவது உயிர் போன கேஸ். எதைக் கண்டாலும் உடனே வார்ப்புருவைக் கைவைக்காமல், இது எந்த வகை என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வாசகருக்கு வீட்டுப்பாடம்

அன்று ப்ரௌசிங் சென்டர்களிலும் வீடுகளிலும் விண்டோஸ் 98 நிறைய இருந்தது. அதில் தமிழ் ஒருங்குறி எழுத்துருவே கிடையாது. விண்டோஸ் 2000ல்தான் 'லதா' எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்தது. 2001ல் வந்த எக்ஸ்பியிலும் சிக்கல் தீரவில்லை. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் சிடிக்கு எங்கே போவார்? சென்டர்காரர்தான் கண்ட்ரோல் பேனலைத் தொட விடுவாரா?

அதனால் பதிவர்கள் பலரும் ஓரத்தில் ஒரு அறிவிப்பு வைத்தார்கள். 'தமிழ் தெரியவில்லையா? இந்த எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவுங்கள்.' இன்னும் சிலர் எக்ஸ்பியில் எங்கே டிக் அடிக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சின்ன வேடிக்கை கவனித்தீர்களா? தமிழ் தெரியாத திரையில் அந்தத் தமிழ் அறிவிப்பும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்! ஆங்கிலத்தில் எழுதினால் தெரியும். தமிழ்ப் பக்கத்தைத் தேடி வந்தவரிடம் ஆங்கிலத்தில் வீட்டுப்பாடம் கொடுத்தால் எத்தனை பேர் செய்துவிட்டுத் திரும்பி வருவார்கள்?

அதிராம்பட்டினத்துத் தேனீ

உமர் தம்பி 1953 ஜூன் 15ல் அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பேரைப் போல அவரும் துபாயில் வேலை பார்த்தவர். கணினித் தமிழ் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை அல்ல. ஓய்வு நேரத்தில் செய்தார், செய்ததை இலவசமாகக் கொடுத்தார்.

அவர் வெளியிட்ட 'தேனீ' ஒருங்குறி எழுத்துரு பலருக்கு நினைவிருக்கும். அதைவிடப் பெரிய உதவி, அதை இயங்கு எழுத்துருவாகவும் தந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4ஆம் பதிப்பிலிருந்தே ஒரு வசதி இருந்தது. எழுத்துருவை இ.ஓ.டி. என்ற கோப்பாக மாற்றி ஒரு தளத்தில் வைத்துவிட்டு, பக்கத்தின் பாணிப் பகுதியில் சில வரிகளில் அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். பக்கம் திறக்கும்போதே உலாவி எழுத்துருவை இழுத்து வந்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தும். வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். எக்ஸ்ப்ளோரரின் பிந்திய பதிப்புகளோடு யுனிஸ்கிரைப்பும் கூடவே வந்ததால், விண்டோஸ் 98லும் கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில் உட்கார்ந்தன.

பதிவர் செய்ய வேண்டியது வார்ப்புருவில் அந்தச் சில வரிகளை ஒட்டுவது. வாசகர் செய்ய வேண்டியது... ஒன்றுமில்லை. படிப்பது மட்டும்தான்!

இங்கேதான் அவர் பெரியவராகத் தெரிகிறார். மற்றவர்கள் 'வாசகரின் கம்ப்யூட்டரை எப்படிச் சரி செய்வது' என்று யோசித்தபோது, அவருடைய தீர்வு 'வாசகரைத் தொந்தரவு செய்யாமல் எப்படிச் சரி செய்வது' என்ற கேள்விக்குப் பதிலாக இருந்தது. 'தேனீ' மட்டுமல்ல. 'வைகை' என்ற இன்னொரு இயங்கு எழுத்துரு, ஆங்கில விசைப்பலகையிலேயே ஒலிப்பு முறையில் தமிழ் எழுத ஒரு எழுதி, பழைய குறியாக்கத்தை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு மாற்றி, செய்தியோடை உருவாக்க ஒரு கருவி என்று வரிசையாகத் தந்தார். ஓடை இல்லாத பக்கத்தைத் திரட்டிகள் திரட்ட முடியாது என்பது நினைவிருந்தால் அந்தக் கடைசிக் கருவியின் அருமை புரியும். தமிழா குழுவின் எ-கலப்பையோடும் தேனீ எழுத்துரு போனது.

2006 ஜூலை 12ல் உமர் தம்பி காலமானார். அதற்கு முதல் நாள், 2006 ஜூலை 11ல்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98க்கான ஆதரவை நிறுத்தியது. எந்தப் பழைய கம்ப்யூட்டருக்காக அவர் அவ்வளவு மெனக்கெட்டாரோ அதுவும் அவரும் ஒரே வாரத்தில் விடைபெற்றது தற்செயல்தான். ஆனால் மறக்க முடியாத தற்செயல்.

ஒரே கட்டு, இரண்டு காயம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 'இ.ஓ.டி. என்பது எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வேலை செய்த ஒன்று. நெருப்பு நரியில் வேலை செய்யாது. எழுத்துருவை வைத்திருக்கும் தளம் மூடினால் அதுவும் போச்சு. இலவச இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அங்கே இருந்த கோப்புகளுக்கு அதுதானே கதி? இதற்குப் போய் இவ்வளவு புகழ்ச்சியா?'

சரியான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்லும்போதுதான் விஷயமே பிடிபடுகிறது.

இயங்கு எழுத்துருவை உமர் தம்பி மட்டும் பயன்படுத்தவில்லை. அவருக்கு முன்பே பெரிய நாளிதழ்களும் வார இதழ்களும் தங்கள் தளங்களில் பயன்படுத்தின. ஆனால் அவை தங்களுக்கென்று தனிக் குறியாக்கத்தில் எழுதின. பாமினி போன்ற எழுத்துருவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு என்ற முகமூடியைக் கழற்றினால் உள்ளே தமிழே இல்லை! கூகுளில் 'அம்மா' என்று தேடினால் அந்தப் பக்கம் வராது.

இப்போது இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2005ல் எழுதப்பட்டவை. இரண்டிலும் இயங்கு எழுத்துரு. இரண்டுமே அன்று திரையில் அழகாகத் தெரிந்தவை. இன்று இரண்டின் எழுத்துருக் கோப்பும் செத்துவிட்டது என்று வையுங்கள். தனிக் குறியாக்கத்தில் எழுதிய பக்கத்தைத் திறந்தால் ஆங்கிலக் கீறல்கள். தேனீயை இணைத்து ஒருங்குறியில் எழுதிய பக்கத்தைத் திறந்தால் அப்படியே தமிழ். எழுத்துரு இல்லாவிட்டால் என்ன, கையில் இருக்கும் செல்போனே அதைக் காட்டிவிடும்.

இரண்டு பக்கத்திலும் போட்ட கட்டு ஒன்றுதான். ஒன்றில் கட்டுக்குக் கீழே காயம் ஆறிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் புரையோடிக்கொண்டிருந்தது. கட்டு இருக்கும்வரை வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் மட்டும் கணக்கு சரி என்று ஆகிவிடாது. மொத்தமாக விடுபட்ட பதிவையும், ஒன்றையொன்று ஈடுகட்டும் பிழைகளையும் இருப்பாய்வு காட்டிக் கொடுக்காது. சமமாக வராதபோது வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அனாமத்துக் கணக்கு தற்காலிகம். பிழையைத் தேடிப்பிடித்துத் திருத்தி அதை முடித்தாக வேண்டும். உமர் தம்பியின் இயங்கு எழுத்துரு முறையான அனாமத்துக் கணக்கு. காலம் வந்ததும் தானாக முடிந்துபோனது, பாக்கி ஏதும் வைக்கவில்லை. தனிக் குறியாக்கம் என்பது அனாமத்தில் போட்டதையே மறந்துவிட்டுப் புத்தகத்தை மூடியது.

திஸ்கிக்காரர்கள் ஏமாளிகளா?

இல்லவே இல்லை. ஒருங்குறி வருவதற்கு முன்பும், வந்தும் பயன்படுத்த முடியாதபோதும், தமிழை இணையத்தில் நிறுத்தியவர்கள் அவர்கள்தான். திஸ்கியில் குறிகளின் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழுக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் எழுதலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் தொடர்ச்சியாக தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஆளுக்கொரு எழுத்துரு என்று இருந்த இடத்தில் இதுவே பெரிய முன்னேற்றம்.

அந்தக் காலத் தீர்வுகளிலும் ஒரு தரம் பிரிக்க வேண்டும். திஸ்கியின் அட்டவணை எல்லோருக்கும் திறந்தே இருந்தது. எந்த எண் எந்த எழுத்து என்று யாரும் பார்க்கலாம். அதனால்தான் 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் சேர்த்த இலக்கியங்களை எல்லாம் பிறகு ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் தந்த 'பொங்கு தமிழ்' மாற்றியும், உமர் தம்பியின் மாற்றியும், இன்னும் பலருடைய கருவிகளும் செய்தது இந்த மீட்பு வேலையைத்தான். அட்டவணையை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்த எழுத்துருக்களில் எழுதியவைதான் சிக்கிக்கொண்டன. தற்காலிகத் தீர்வு குற்றமில்லை. திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டுப் போடும் தற்காலிகத் தீர்வுதான் குற்றம்.

கடைசியில் 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றது. பதிவர்கள் அதற்குப் பல வருடம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இந்தத் திருப்பம் நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்து நாடான மியான்மரைப் பார்த்தால் தெரியும். அங்கே 'ஜாவ்ஜி' என்ற எழுத்துரு ஒருங்குறியின் இடங்களையே தன்னிஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. திரையில் நன்றாகத் தெரிந்ததால் செல்போன்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. ஜாவ்ஜியில் எழுதியதை ஒருங்குறிக்காரர் படிக்க முடியாது, அவர் எழுதியதை இவர் படிக்க முடியாது. ஒரே மொழி, ஒரே எழுத்து, நடுவில் சுவர். 2019 அக்டோபர் 1ஆம் தேதியைக் குறித்து நாடே ஒருங்குறிக்கு மாற வேண்டி வந்தது. தமிழில் அந்தச் சுவர் அந்த அளவுக்கு எழும்பவில்லை. அரசாணை வரும்வரை காத்திருக்காமல் ஓய்வு நேரத்தில் கருவி செய்து கொடுத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி செய்வது யார் பொறுப்பு?

எழுத்துருச் சண்டை முடிந்த பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் 2 காலத்தில் ஒரு வினோதக் கோளாறு. பத்தியின் இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று பதிவர் வார்ப்புருவில் ஒரு வரி சேர்த்திருப்பார். எக்ஸ்ப்ளோரரில் ஜம்மென்று தெரியும். நெருப்பு நரியில் திறந்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும்! 'எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள்' என்று அறிவிப்பு வைத்தவர்கள் உண்டு. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இடது ஓரம் மட்டும் நேராக விட்டவர்களும் உண்டு. 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்து கோளாறு தீர்ந்தது. அதுவரை வாசகரை இழக்காதவர்கள் இரண்டாவது வகையினர்தான். பத்தியின் வலது ஓரம் நேராக இருப்பது பெரிதா, படிக்க முடிவது பெரிதா?

2012ல் கூகுள், இந்திய வாசகர்களை ப்ளாக்ஸ்பாட் டாட் காம் முகவரியிலிருந்து டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட ஆரம்பித்தது. முகவரிப் பட்டையில் தெரிந்ததை அப்படியே நகலெடுத்து எல்லா இடத்திலும் சுட்டி கொடுத்தார்கள். 2018ல் திருப்பிவிடுவது நின்றது. 2020ல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையைவிட்டே போனது. பழைய சுட்டிகள் செத்துப்போயின. பதிவு அழியவில்லை, டாட் காம் என்று மாற்றினால் வந்துவிடும். ஆனால் இது எத்தனை வாசகருக்குத் தெரியும்? தன் பழைய இடுகைகளுக்குள் போய் ஒவ்வொரு சுட்டியையும் திருத்த வேண்டியது எழுதியவர்தான்.

இதே போல இன்னொன்று. செத்துப்போன தளங்களின் ஓட்டுப்பட்டை, வருகைக் கணக்கு, கடிகாரம், பழைய இயங்கு எழுத்துருவின் வரிகள் எல்லாம் பல பதிவுகளின் வார்ப்புருவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பான முகவரிக்கு மாறிய பக்கத்தில் பழைய பாதுகாப்பற்ற முகவரியிலிருந்து வரும் நிரல்களை உலாவிகள் இப்போது தடுத்துவிடுகின்றன. சில நிரல்கள் பதில் வராத தளத்துக்குக் காத்திருந்து பக்கத்தையே இழுத்தடிக்கின்றன. பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் முதலில் இந்தக் குப்பையைத்தான் கூட்ட வேண்டும். தேனீயின் வரிகளையும் எடுத்துவிடலாம். அதில் நன்றிகெட்டத்தனம் ஒன்றுமில்லை. அந்த வரிகளின் வேலை முடிந்துவிட்டது.

இன்றைய கட்டங்கள்

'இதெல்லாம் பழைய கதை, இப்போது எந்த போனிலும் தமிழ் தெரிகிறதே' என்று தோன்றலாம். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

கல்லூரி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. கவிதை, கட்டுரை, இரங்கல், அழைப்பிதழ் எல்லாம் அழகான எழுத்தில் படமாக வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதில் இருந்த ஒரு சொல்லை வைத்துத் தேடினால் கிடைக்குமா? கண் தெரியாத ஒருவரின் போனில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அவருக்கு அது கட்டம்தான்.

அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் பழைய குறியாக்க எழுத்துருக்கள் ஓடுகின்றன. அங்கே தயாராகும் மலர்கள், பாடக் குறிப்புகள், சிறு பத்திரிகைகள் பிடிஎஃப் ஆக இணையத்துக்கு வருகின்றன. திரையில் அருமையான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கீறல். 2005ன் அதே முகமூடி, புது உறையில்.

இரண்டிலும் அடிப்படைத் தவறு ஒன்றுதான். அனுப்புகிறவர் தன் திரையில் பார்க்கிறார், சரியாக இருக்கிறது, அத்தோடு திருப்தி. மேட்டூரில் தண்ணீர் நிறையத் தெரிகிறது!

இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு ஒன்றும் தேவையில்லை. எழுதியதைப் பதிப்பித்த பிறகு நாலே சோதனை போதும். ஒரு வரியை நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும், தமிழாக வருகிறதா என்று. பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும், கிடைக்கிறதா என்று. தன்னுடையது அல்லாத, முடிந்தவரை பழைய ஒரு போனில் திறந்து பார்க்க வேண்டும். கடைசியாக, மொத்தப் பதிவுகளுக்கும் ஒரு காப்புப் பிரதி எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளாக்கரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஜியோசிட்டீஸ் போனது, 2013ல் கூகுள் ரீடர் போனது. இலவசமாக இடம் கொடுப்பவர்கள் ஒருநாள் கடையைக் கட்டுவார்கள் என்று எண்ணி நடந்துகொள்வதுதான் பத்திரம்.

படம் போடக் கூடாது என்பதல்ல. போடுங்கள், கூடவே அதே வாசகத்தை எழுத்தாகவும் கொடுங்கள். பிடிஎஃப் வேண்டாம் என்பதல்ல. ஒருங்குறியில் செய்யச் சொல்லி டிடிபி கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டுமே எழுதுகிறவர் பக்கம் செய்யக்கூடிய வேலை. படிப்பவருக்கு ஒரு வேலையும் வைக்காதவை.

அதிராம்பட்டினம் 2021ல் நகராட்சி ஆனது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் மழையளவுச் செய்தியில் அந்த ஊரின் பெயர் அடிக்கடி அடிபடும். தமிழ் தட்டெழுதும் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேருக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் விண்டோஸ் 98 வைத்திருந்த முகம் தெரியாத வாசகருக்காக உட்கார்ந்து எழுத்துரு செய்த கதை தெரியும்? தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வேலையின் அழகே அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததுதான். பக்கத்தைத் திறந்தவருக்குத் தேனீ தெரியவில்லை, இ.ஓ.டி. தெரியவில்லை. தமிழ் தெரிந்தது. அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது 'உங்கள் பக்கம் என் போனில் சரியாகத் தெரியவில்லை' என்று சொன்னால், 'என் போனில் சரியாகத்தானே தெரிகிறது' என்று பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் பொறுக்கலாம். கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும்போது மேட்டூர் நீர்மட்டத்தைக் காட்டுவது பதில் ஆகாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று பார்க்கப் போவதுதான் பதில்.